ஜி.ஆர்.இ வெர்பல்: வார்த்தை தெரிகிறது, விடை தப்புகிறது. ஒத்த சொல் பட்டியல் உதவுமா, கெடுக்குமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேற்படிப்பில் சேர்வதற்கான ஜி.ஆர்.இ தேர்வை டிசம்பருக்குள் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் மெக்கானிக்கல். கணக்குப் பகுதியில் பயமில்லை. வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதிதான் காலை வாருகிறது.

கோச்சிங் சென்டரில் தடிமனான சொற்பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் மூன்று நான்கு ஒத்த சொற்கள், அவ்வளவுதான். 'ஃப்ரூகல்' என்றால் எகனாமிக்கல், த்ரிஃப்டி, பார்சிமோனியஸ். 'ஆப்ஸ்டினேட்' என்றால் ஸ்டபர்ன், டெனேஷியஸ், ஆப்டுரேட். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் மாதிரித் தேர்வில் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வி வந்தால், கொடுத்திருக்கும் ஆறு வார்த்தைகளும் தெரிந்தவையாக இருக்கும், நான் தேர்ந்தெடுக்கும் ரெண்டு மட்டும் தப்பாக இருக்கும். மதிப்பெண் 148-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

இதே பட்டியலை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்தால் போதுமா? இல்லை, அகராதியை எடுத்து ஒவ்வொன்றுக்கும் முழு விளக்கம் படிக்க வேண்டுமா? பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி வைப்பதை எங்கள் சார் கூடவே கூடாது என்கிறார். எழுதியவர்கள், எழுதிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

---

பெஞ்ச்_நம்பர்_3 எழுதியது:

ஹிந்து பேப்பர் படி தம்பி. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எல்லா நோய்க்கும் ஒரே மருந்து அதுதான். தலையங்கப் பக்கத்தை அப்பா மடித்தே வைத்திருப்பார். நான் பின்பக்கம் கிரிக்கெட் படித்து வளர்ந்தவன்.

---

சுடரொளி எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியல் எந்தக் காலத்துத் தேர்வுக்குத் தயாரித்தது என்று முதலில் பாருங்கள். 2011 ஆகஸ்ட் வரை ஜி.ஆர்.இ-யில் எதிர்ச்சொல் கேள்வியும், சொல் ஜோடிகளின் உறவை ஒப்பிடும் அனாலஜி கேள்வியும் இருந்தன. ஒரு வார்த்தையைத் தனியாக நிறுத்தி, இதற்கு எதிர்ப்பதம் எது என்று கேட்பார்கள். அதற்கு இந்த மாதிரிப் பட்டியல் ஓரளவு பலன் தந்தது. அந்த ரெண்டு வகையையும் எடுத்துவிட்டு, வாக்கியத்துக்குள் வார்த்தையைப் பொருத்தும் கேள்விகளைக் கொண்டுவந்தார்கள். தேர்வு மாறிவிட்டது, பட்டியலை மட்டும் அட்டை மாற்றி அட்டை மாற்றி இன்னும் விற்கிறார்கள்.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபின் வெர்பலில் மொத்தமே 27 கேள்விகள்தான். முதல் பிரிவில் 12, இரண்டாவதில் 15, எல்லாம் சேர்த்து 41 நிமிடம். ஏறக்குறைய பாதி பத்தி படித்துப் பதில் சொல்வதாக இருக்கும். அதனால் தப்புகிற ஒவ்வொரு கேள்வியும் கனம்.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு மாதிரிக் கேள்வி நானே போடுகிறேன். வாக்கியம் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் தமிழில்:

"ஊரே மெச்சும்படி அவர் ______ வாழ்க்கை வாழ்ந்தார், அப்படி மிச்சம் பிடித்த பணத்தில்தான் பள்ளிக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார்."

கொடுத்திருக்கும் ஆறு: ஃப்ரூகல், மைசர்லி, லேவிஷ், த்ரிஃப்டி, ஒப்யுலன்ட், பார்சிமோனியஸ்.

இதில் வாக்கியத்துக்குப் பொருந்தி, ஒரே பொருளைத் தரும் ரெண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், ஒன்று சரியென்று பாதி கொடுக்க மாட்டார்கள். எது உங்கள் விடை? என் பதிவைக் கீழே படிக்காமல் முதலில் எழுதுங்கள்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

அக்கா, என் பட்டியல்படி ஃப்ரூகல், த்ரிஃப்டி, பார்சிமோனியஸ் மூன்றும் ஒன்றுதான். மூன்றில் ரெண்டு எது என்பதுதான் எனக்கு எப்போதும் வருகிற குழப்பம். ஃப்ரூகல், பார்சிமோனியஸ் என்று போட்டிருப்பேன்.

---

சுடரொளி எழுதியது:

நீங்கள் அப்படிப் போடவேண்டும் என்றே வைத்த கேள்வி அது.

ஆறையும் மறுபடி பாருங்கள். மூன்று ஜோடிகள் இருக்கின்றன. லேவிஷ்–ஒப்யுலன்ட் ஒரு ஜோடி, ஆடம்பரம். மிச்சம் பிடித்தவருக்கு ஒட்டாது, அதை விடுங்கள். மைசர்லி–பார்சிமோனியஸ் இன்னொரு ஜோடி. ரெண்டுமே வைகிற வார்த்தை, கையை இறுக்கி வைத்திருப்பவரைச் சொல்வது. ஊர் மெச்சாது. ஃப்ரூகல்–த்ரிஃப்டி மூன்றாவது. பணத்தைப் பார்த்துச் செலவழிப்பதைக் குறை சொல்லாமல் சொல்வது. வாக்கியத்தில் 'மெச்சும்படி' என்ற ஒரு வார்த்தைதான் சாவி. அதை எடுத்துவிட்டு 'உறவினர்களே முகம் சுளிக்கும்படி' என்று போட்டால் விடை அப்படியே அடுத்த ஜோடிக்குத் தாவிவிடும்.

தேர்வு நடத்துகிறவர்களே தங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்: ஆறில் ஒத்த பொருளுள்ள ரெண்டைத் தேடி எடுத்துக் குறிக்காதீர்கள், அந்த ஜோடி வாக்கியத்தில் பொருந்தாமல் போகலாம் என்று. பட்டியலை மட்டும் படித்தவர்களைப் பிடிக்க வைத்த பொறி.

உங்களுக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. ஒத்த சொற்கள் எங்கே ஒத்துப்போகின்றன என்பதைப் பட்டியல் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எங்கே பிரிகின்றன என்பதைச் சொல்லவில்லை. தேர்வு கேட்பது அந்த இடத்தைத்தான்.

இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பார்சிமோனியஸ் மனிதரைச் சொன்னால் திட்டு. ஆனால் அறிவியல் கட்டுரையில் ஒரு விளக்கத்தை, ஒரு மாடலைப் 'பார்சிமோனியஸ்' என்றால் அது பாராட்டு. தேவையில்லாத அனுமானங்கள் இல்லாமல் சிக்கனமாக முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜி.ஆர்.இ-யின் பத்திகளில் இந்த ரெண்டாவது வகை அடிக்கடி வரும். உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா?

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

இல்லை அக்கா. 'ஸ்டிஞ்சி, ஃப்ரூகல்' என்று ரெண்டே வார்த்தை. அதிலேயே ஒன்று திட்டு, ஒன்று பாராட்டு என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

---

பழைய_அகராதி எழுதியது:

நல்ல இழை. ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விளக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகராதி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு எழுதிய அகராதி வேறு, கற்றுக்கொள்கிறவருக்கு எழுதியது வேறு. 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதியில் 'நெட்வொர்க்' என்ற வார்த்தைக்கு விளக்கம் தேடினால் ரெட்டிகுலேட்டட், டெகஸேட்டட், இன்டர்ஸ்டிசஸ் என்று மூன்று புது வார்த்தைகள் வந்து நிற்கும். சாதாரண வலையைத்தான் மனிதர் சொல்கிறார்! தெரிந்ததைத் தெரியாததைக் கொண்டு விளக்கும் வழக்கம் பெரிய அகராதிகளில் ரொம்ப நாள் இருந்தது.

கற்பவருக்கான அகராதிகளில் பெயர் பெற்ற ஒன்று எங்கே உருவானது தெரியுமா? ஜப்பானில். அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஹார்ன்பி என்பவரும் அவருடைய சகாக்களும் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் அச்சானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்று உங்கள் போனில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் வழி வந்ததுதான். 1978-இல் லாங்மன் அகராதி இன்னொரு படி போனது. சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதினார்கள். அந்த 2,000 தெரிந்தால் அகராதி முழுவதும் படிக்கலாம். 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ஒருவரை இப்படிச் சொன்னால் அவர் இன்ன மாதிரி என்றும், அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் பொருள், என்கிற பாணி. நம் தம்பிக்குத் தேவையான தகவல் அந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது பாருங்கள்.

ஆகவே லேர்னர்ஸ் அகராதி ஒன்றைத் திறந்து, பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டிஸ்அப்ரூவிங்', 'ஃபார்மல்', 'லிட்டரரி' என்று போட்டிருப்பார்கள். பலர் கண்ணில் படாமலே போகும் இடம் அது. மைசர்லிக்கு அந்தக் குறி இருக்கும், ஃப்ரூகலுக்கு இருக்காது.

ஒத்த சொல் அகராதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோஜே என்ற மருத்துவர் தன் 73-ஆவது வயதில், 1852-இல் வெளியிட்ட நூல்தான் ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. அதில் விளக்கம் என்று ஒன்றும் கிடையாது. வார்த்தைகளைக் கருத்துவாரியாக அடுக்கியிருப்பார், அவ்வளவுதான். ஏனென்றால் அது வார்த்தை தெரிந்தவருக்காக எழுதியது. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது, அப்போது புரட்டுவதற்கு. புதிதாகக் கற்பவர் அதை வைத்துக்கொண்டு படிப்பது, முன்பின் தெரியாத ஊரில் விலாசம் இல்லாமல் வெறும் பெயரை வைத்து வீடு தேடுவது போல.

---

பெஞ்ச்_நம்பர்_3 எழுதியது:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் பட்டியலை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். நான் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி சி.ஜி.எல் தேர்வுக்குப் படிக்கிறேன். டயர் ஒன்றில், அதாவது முதல் கட்டத்தில், 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. 'இந்த வார்த்தைக்கு ஒத்த பொருள் எது' என்று நேராகவே கேட்பான். நாலு ஆப்ஷன். ரெண்டு மார்க், தப்பானால் அரை மார்க் போச்சு. அங்கே உட்கார்ந்துகொண்டு இது திட்டா பாராட்டா என்று யோசித்தால் ரீசனிங்கில் நாலு கேள்வி போய்விடும். பழைய கேள்வித்தாளில் வந்த வார்த்தைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குப் பட்டியல்தான் சோறு போடும்.

---

சுடரொளி எழுதியது:

உங்கள் தேர்வுக்குச் சரி. மறுக்கவில்லை. ஆனால் டயர் இரண்டில் பத்திக்குள் கோடிட்ட இடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்ட்டும், படித்துப் பதில் சொல்லும் பத்தியும் வருமே, அங்கே?

---

பெஞ்ச்_நம்பர்_3 எழுதியது:

டயர் ஒன்றைத் தாண்டிவிட்டு வந்து உங்களிடம் கேட்கிறேன் மேடம். 😄

---

செட்டிநாட்டான் எழுதியது:

தமிழ் அர்த்தம் எழுதக்கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்குப் பல வருட வழக்கு. கூடாதது தமிழ் இல்லை. ஒரே ஒரு தமிழ்ச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் கூடாது.

ஆங்கில–தமிழ் கையகராதியைத் திறந்து பாருங்கள். ஆப்ஸ்டினேட், ஆப்டுரேட், டெனேஷியஸ், ரிகால்சிட்ரன்ட், இன்ட்ரான்சிஜென்ட் எல்லாவற்றுக்கும் 'பிடிவாதமான' என்றுதான் இருக்கும். இது அகராதியின் சோம்பல். தமிழில் வார்த்தைப் பஞ்சமா என்ன?

டெனேஷியஸ் என்பவன் பிடித்ததை விடாதவன். விடாப்பிடி, வைராக்கியம். பெரும்பாலும் நல்ல பொருள். ஆப்ஸ்டினேட் நம்ம சாதாரணப் பிடிவாதம், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கேஸ். ரிகால்சிட்ரன்ட் சொல்பேச்சு கேட்காமல் முரண்டு பிடிப்பது, அதிகாரம் உள்ள யாரையோ எதிர்த்து நிற்பது. வகுப்பில் ஒரு பையன், கட்சியில் ஒரு எம்.எல்.ஏ. ஆப்டுரேட் மனம் இளகாதது. எவ்வளவு கெஞ்சினாலும் கல்லாக நிற்பது. இன்ட்ரான்சிஜென்ட் பேச்சுவார்த்தை மேசையில் வருகிற வார்த்தை. ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது. சம்பளப் பேச்சில் நிர்வாகம் இன்ட்ரான்சிஜென்ட் ஆக இருக்கும், பால் வேண்டாம் என்கிற குழந்தையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அடம், முரண்டு, வீம்பு, வைராக்கியம், விடாப்பிடி, கல்நெஞ்சு. இந்த ஆறுக்கும் வித்தியாசம் யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும். அந்த அறிவைப் பூட்டி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் 'ஸ்டபர்ன்' என்று படிப்பதில் என்ன புண்ணியம்?

---

பழைய_அகராதி எழுதியது:

செட்டிநாட்டாரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். புரிந்துகொள்ள உங்கள் முறை அருமை. ஆனால் பையன் அங்கேயே நின்றுவிட்டால் எழுதும்போது தடுமாறுவான். 'பலத்த மழை', 'பலத்த காற்று' என்று நாம் ஒரே அடையைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் உறுத்தும். எந்த வார்த்தை எதோடு சேரும் என்பதைத் தமிழ் வழியாகப் பிடிக்க முடியாது. அதற்கு ஆங்கில வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றபடி ஒத்த சொல்லை அடுக்கி மனப்பாடம் செய்வது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் பண்ணித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். திவாகரம் என்ற நிகண்டில் பன்னிரண்டு தொகுதி. முதல் பத்தில் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பெயர்கள். பதினொன்றாவது ஒரு சொல்லுக்குப் பல பொருள். ரோஜேவுக்கு ஆயிரம் வருடம் முந்திய சங்கதி. ஆனால் நிகண்டு படித்த பிள்ளை அதோடு விடுவதில்லை, அப்புறம் செய்யுள் படிக்கப் போவான். களிறு, வேழம், கரி எல்லாம் யானைதான். பெண் யானையைக் களிறு என்று எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். பட்டியல் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று ரெண்டும் ஓடின. இன்றைய கோச்சிங்கில் முதல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

---

செட்டிநாட்டான் எழுதியது:

எழுதும்போது தடுமாறுவான் என்பது சரி. ஆனால் ஐயா, அந்தப் பையன் இப்போது எழுதவில்லை, ஆறில் ரெண்டைத் தேர்ந்தெடுக்கிறான். அதற்குத் தமிழ் போதும். இதில் நான் கொஞ்சம் இன்ட்ரான்சிஜென்ட்தான்.

---

வேர்த்தேடி எழுதியது:

யாரும் வேர்ச்சொல் பற்றிப் பேசவில்லையே? லத்தீன், கிரேக்க வேர்கள் ஒரு நூறு தெரிந்தால் ஆயிரக்கணக்கான வார்த்தைகளை ஊகிக்கலாம். 'லொக்வ்' என்றால் பேசுதல். லொக்வேஷியஸ் வாயாடி, எலொக்வென்ட் பேச்சுவன்மை உள்ள, சொலிலொக்வி தனக்குத்தானே பேசுவது, கொலொக்வியல் பேச்சுவழக்கு. ஒரு வேரைப் பிடித்தால் நாலு காய்.

ஆங்கிலத்தில் இத்தனை ஒத்த சொல் ஏன் என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. கல்விக்கும் கோயிலுக்கும் லத்தீன். ஊருக்குள் பழைய ஆங்கிலம். அதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்கு நின்றுவிட்டது. 'கிங்லி' உள்ளூர்ச் சொல், 'ராயல்' பிரெஞ்சு வழி, 'ரீகல்' லத்தீன். 'ஆஸ்க்', 'க்வெஸ்ச்சன்', 'இன்டராகேட்' மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கடைசிக்கு வரும்போது எதிரே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார்.

---

சுடரொளி எழுதியது:

அடுக்கு விஷயம் ரொம்ப நல்ல குறிப்பு. வேர் மட்டும் எனக்கு அரை நம்பிக்கைதான். ஜி.ஆர்.இ-காரர்களுக்கு வேரை நம்பி வருகிறவர்களைக் கவிழ்க்கிற வார்த்தைகள் மேல் தனிப் பிரியம்.

'எனர்வேட்' கேட்டால் எனர்ஜி நினைவுக்கு வரும். அர்த்தம் நேர் எதிர், சக்தியை உறிஞ்சிச் சோரவைப்பது. 'நாய்ஸம்' சத்தம் இல்லை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பவர் இல்லை, கட்டுப்பாடு பொறுக்காமல் நிலைகொள்ளாமல் இருப்பவர். 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காதது என்று படித்தால் ஆபத்து. அங்கே 'இன்' மறுப்பு இல்லை. இதனாலேயே எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதத் தொடங்கினார்கள். வேரை நினைவில் நிறுத்தும் கொக்கியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊகிப்பதற்கு வைத்துக்கொண்டால் கவிழ்வீர்கள்.

தம்பிக்கு இன்னும் ரெண்டு விஷயம் சொல்லவேண்டும்.

ஒன்று, ஒத்த சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் புதிதாகப் படிக்காதீர்கள். இது என் சொந்தச் சரக்கில்லை. 1993-லும் 1997-லும் டிங்க்கம் என்பவர் சோதித்துப் பார்த்தார். பொருளில் நெருங்கிய சொற்களைக் கொத்தாகக் கொடுத்தால், தொடர்பில்லாத சொற்களைக் கொடுப்பதைவிட மெதுவாகக் கற்றார்கள். 1997-இல் வேரிங் ஜப்பானிய மாணவர்களிடம் செய்ததிலும் அதே போக்கு. ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஃப்ரூகலும் பார்சிமோனியஸும் உங்கள் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கு டிங்க்கம் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. முதலில் ஃப்ரூகலைத் தனியாகப் படித்து நிலைநிறுத்துங்கள். சில வாரம் போகட்டும். அப்புறம் பார்சிமோனியஸைக் கொண்டுவாருங்கள். ரெண்டும் காலூன்றிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். ஒத்த சொல் பட்டியலை எடுக்க வேண்டிய நேரம் அப்போதுதான்.

ரெண்டு, கஷ்டமான வார்த்தைகளைத் துரத்தும் வேகத்தில் சுலபமான வார்த்தைகளைக் கோட்டை விடுகிறோம். 'க்வாலிஃபைடு சப்போர்ட்' என்றால் தகுதியான ஆதரவு இல்லை, நிபந்தனையோடு கூடிய அரைமனது ஆதரவு. 'டிஸ்கவுன்ட்' வினையாக வந்தால் தள்ளுபடி இல்லை, பொருட்படுத்தாமல் ஒதுக்குவது. 'செக்' என்றால் கட்டுப்படுத்துவது, 'டெம்பர்' என்றால் மட்டுப்படுத்துவது, 'ஃப்ளாக்' என்றால் தளர்ந்துபோவது, 'வான்ட்' என்றால் இல்லாமை, 'அப்ரோப்ரியேட்' வினையானால் அடுத்தவருடையதைத் தனதாக்கிக்கொள்வது. இதெல்லாம் ஆறாம் வகுப்பு வார்த்தை என்று தாண்டிப் போய்விடுவோம். என்னோடு எழுதிய பலருக்கு மதிப்பெண் இங்கேதான் போனது, 'செஸ்க்விபெடாலியன்' தெரியாததால் போகவில்லை.

---

பெஞ்ச்_நம்பர்_3 எழுதியது:

கடைசியில் சொன்ன வார்த்தையைப் படிக்கும்போது என் பல் ஒன்று ஆடுகிறது.

---

பழைய_அகராதி எழுதியது:

'ஒன்றரை அடி நீளமுள்ள' என்று லத்தீனில் பொருள். நீளமான வார்த்தைகளையும் அவற்றை விரும்பிப் பேசுகிறவர்களையும் சொல்ல வைத்த வார்த்தை. பல் ஆடுவது நியாயமே.

உச்சரிப்பு வந்ததால் சொல்கிறேன். தேர்வில் கேட்கமாட்டார்கள்தான், ஆனாலும் வார்த்தையைக் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். 'எபிட்டமி' என்பதை எபிடோம் என்றும் 'ஹைபர்பலி' என்பதை ஹைப்பர்போல் என்றும் சொல்லும் பட்டதாரிகளை நேர்காணல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். போனில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் சொல்லித் தருகிறதே, அப்புறம் என்ன?

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து இன்று ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

மிட்டிகேட்: கெட்ட ஒன்றின் கடுமையைக் குறைப்பது. முழுதாகப் போக்குவது இல்லை. சேரும் சொற்கள்: ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட். நீதிமன்றத்தில் 'மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்', தண்டனையைக் குறைக்கக் காட்டும் காரணங்கள். தமிழில்: தணித்தல், மட்டுப்படுத்தல்.

பட்டியலில் இதோடு இருந்தவை அலீவியேட், அஸ்வேஜ், அமீலியரேட், பாலியேட். நாலும் ஏற்கெனவே மனப்பாடம் ஆனவை என்பதால் பிரித்துப் பார்க்க முயன்றேன். அலீவியேட் வலி, வறுமை மாதிரி துன்பத்தோடு வருகிறது. அஸ்வேஜ் குற்ற உணர்வு, பயம், பசி, அதாவது உள்ளே உறுத்துவதை ஆற்றுவது. அமீலியரேட் நிலைமையை முன்னைவிட மேம்படுத்துவது. பாலியேட் மட்டும் தெளிவாகவில்லை. விளக்கத்தைப் படித்தால் அலீவியேட் மாதிரியே இருக்கிறது.

---

சுடரொளி எழுதியது:

நல்ல பக்கம். பாலியேட்டுக்குத் தூரம் போகவேண்டாம். ஆஸ்பத்திரியில் 'பாலியேட்டிவ் கேர்' என்ற பலகை பார்த்திருப்பீர்கள். நோயைக் குணப்படுத்த வழியில்லாதபோது வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. அதேதான். மூலக் காரணத்தைத் தொடாமல் மேலே தெரியும் தொந்தரவை மட்டும் தணிப்பது. அதனால் அரசியல் கட்டுரையில் ஒரு திட்டத்தை 'பாலியேட்டிவ்' என்றால் கொஞ்சம் குத்தல் இருக்கும். பிரச்சினை அப்படியே கிடக்கிறது, மேலே களிம்பு தடவியிருக்கிறார்கள் என்று. அலீவியேட்டில் அந்தக் குத்தல் கிடையாது.

மிட்டிகேட் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அதற்குப் பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' வராது. வருவது 'மிலிடேட்' என்ற வேறு வார்த்தைக்கு, ஒன்றுக்குப் பாதகமாக வேலை செய்வது என்ற பொருளில். ரெண்டும் ஒலியில் நெருக்கம் என்பதால் ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

சேர்த்துவிட்டேன் அக்கா. ஆனால் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் ஆனால் டிசம்பருக்குள் எத்தனை முடியும்? பட்டியலில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கிறது.

---

சுடரொளி எழுதியது:

எல்லாவற்றுக்கும் பக்கம் போடாதீர்கள். ஒரே பொருள் உள்ள, பக்கத்தில் போட்டியாளர் இல்லாத வார்த்தைகளுக்கு ஒரு வரி போதும். 'எஃபிமரல்' என்றால் சில காலமே நிற்பது, முடிந்தது. அதையெல்லாம் அன்கி மாதிரி செயலியில் அட்டையாகப் போட்டுவிட்டால், நீங்கள் மறக்கும் வேகத்துக்கு ஏற்ப அதுவே திரும்பக் காட்டும். அட்டையின் முன்பக்கம் வெறும் வார்த்தையைப் போடாமல் வார்த்தை உள்ள வாக்கியத்தைப் போடுங்கள். பின்பக்கம் விளக்கம், திட்டா பாராட்டா என்ற குறி. ஒத்த சொல் வேண்டாம்.

பக்கம் எழுத வேண்டியது மாதிரித் தேர்வில் நீங்கள் தப்பு விட்ட ஜோடிகளுக்கு மட்டும். அவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூவாயிரத்தையும் தொடத் தேவையில்லை. பத்தி படிக்கும் பயிற்சிக்கு நேரம் மிச்சம் வைக்காமல் வார்த்தையிலேயே டிசம்பரைத் தீர்த்துவிடாதீர்கள், வெர்பலில் ஏறக்குறைய பாதி அதுதான்.

---

செட்டிநாட்டான் எழுதியது:

அட்டையின் பின்பக்கம் ஒரு தமிழ்ச் சொல்லும் போடு தம்பி. ஐயா பார்க்காதபோது.

---

பழைய_அகராதி எழுதியது:

பார்த்துவிட்டேன். போடட்டும், ஆனால் ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

எஸ்.எஸ்.சி சொற்பட்டியல் கேட்டு வந்த பின்னூட்டங்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பெஞ்ச்_நம்பர்_3, உங்கள் பழைய கேள்வித்தாள் தொகுப்பை அங்கேயே பகிருங்கள். இங்கே ஜி.ஆர்.இ மட்டும் தொடரட்டும். குழப்புகிற ஜோடிகள் யாரிடமாவது இருந்தால் ஒரு பதிவுக்கு ஒரு ஜோடி வீதம் போடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குத் தேட வசதியாக இருக்கும்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

அப்படியானால் முதல் ஜோடி என்னுடையது: 'டிஸ்இன்டரஸ்டட்', 'அன்இன்டரஸ்டட்'. ரெண்டுக்கும் என் பட்டியலில் 'இன்டிஃபரன்ட்' என்றே இருக்கிறது. நடுவரைப் பற்றிய வாக்கியத்தில் முதலாவதுதான் விடை என்கிறார்கள். ஏன்?

---

வேர்த்தேடி எழுதியது:

இங்கே 'இன்டரஸ்ட்' என்பது ஆர்வம் இல்லை, சொந்த லாபம். ஆட்டத்தில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தனக்கு ஆதாயம் இல்லாதவர் டிஸ்இன்டரஸ்டட். அவர்தான் நடுவராக இருக்க வேண்டும். ஆட்டத்தைப் பார்க்கவே பிடிக்காமல் கொட்டாவி விடுபவர் அன்இன்டரஸ்டட். பேச்சுவழக்கில் ரெண்டையும் ஒன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தேர்வில் பிரித்தே கேட்பார்கள்.